தரை இல்லாத கோள்கள்

1995 டிசம்பர் 7 அன்று மனிதர் செய்த பொருள் ஒன்று முதன்முறையாக வியாழனுக்குள் இறங்கியது. கலிலியோ விண்கலம் ஐந்து மாதங்களுக்கு முன்பே கழற்றிவிட்ட, 339 கிலோ எடையுள்ள சிறு ஆய்வுக்கலம் அது. வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சில நிமிடங்களில் வேகம் தணிந்து, தீய்ந்துபோன வெப்பக் கவசத்தை உதறிவிட்டு, பாராசூட்டில் தொங்கியபடி கீழே போனது. போகிற வழியில் காற்றின் வெப்பம், அழுத்தம், வேகம், சேர்மானம் என எல்லாவற்றையும் அளந்து மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது. மொத்தம் 58 நிமிடம். நம் கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 22 மடங்கு அழுத்தமும் 153 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இருந்த ஆழத்தில் அதன் பேச்சு நின்றது.

அதன் பிறகும் கலம் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். பாராசூட் உருகி, அலுமினியம் உருகி, கடைசியில் டைட்டானியமும் ஆவியாகி, வியாழனோடு வியாழனாகக் கலந்திருக்கும். எதன்மேலும் மோதி நொறுங்கியிருக்காது. மோதுவதற்கு அங்கே தரை என்று ஒன்று கிடையாது.

அந்தக் கலம் கடந்த ஆழம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வியாழனின் ஆரமோ 71,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆயிரத்தில் இரண்டு பங்கு தூரம்தான் போயிருக்கிறோம். அதிலும் ஒரு வேடிக்கை: மேகங்கள் விலகி, ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்த ஓர் இடத்தில் கலம் விழுந்துவிட்டது. எதிர்பார்த்த நீராவியில் சிறு பங்கைத்தான் அது பார்த்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் இறங்கிவிட்டு பூமியில் மழையே இல்லை என்று எழுதுவதற்கு விஞ்ஞானிகள் தயாராக இல்லை என்பதால், வியாழனில் எவ்வளவு நீர் என்ற கேள்வி பல ஆண்டுகள் அந்தரத்தில் தொங்கியது.

நான்கு பெருங்கோள்களில் உள்ளே இறங்கி அளந்தது இந்த ஒரு முறைதான். சனிக்குள் காசினி விண்கலம் 2017 செப்டம்பர் 15 அன்று பாய்ந்தது. ஆனால் மேல் காற்றிலேயே எரிந்துபோனது. யுரேனஸையும் நெப்டியூனையும் வாயேஜர் 2 ஒரே முறை கடந்து போனது, முறையே 1986 ஜனவரியிலும் 1989 ஆகஸ்டிலும். அப்படியென்றால் இந்தக் கோள்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று புத்தகங்களில் வண்ணப்படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளியிலிருந்து. கோளின் எடை, வெளியேறும் வெப்பம், சுழற்சியால் இடுப்பு பிதுங்கும் அளவு, ரேடியோ இரைச்சல், பின்னால் போகும் விண்மீனின் ஒளி மங்கும் விதம் ஆகியவற்றிலிருந்து. இந்தக் கடைசி வித்தையில் பெங்களூருக்கும் ஜவ்வாது மலைக்கும் ஒரு பங்கு உண்டு.

பெங்களூரு கோரமங்களாவின் நெரிசலுக்கு நடுவே இருக்கிறது இந்திய வானியற்பியல் நிறுவனம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸ் வானாய்வகத்தின் நேர் வாரிசு அது. இடையில் கொடைக்கானல், 1971-இல் தன்னாட்சி நிறுவனம், அதன்பின் பெங்களூரு. கொடைக்கானலின் வேலை சூரியனைப் பார்ப்பது. இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடியவர் அதன் இயக்குநர் வைணு பாப்பு. அவர் தேர்ந்தெடுத்தது வாணியம்பாடிப் பக்கம் ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர். பெங்களூரிலிருந்து 175 கிலோமீட்டர். வட அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி என்பதால் தென்வானமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் செய்ஸ் யேனா நிறுவனத்திலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது.

வந்த வேகத்தில் அது ஒரு காரியம் செய்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீடு, ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் போக இருந்தது. வெறும் பாறைப் பந்து குறுக்கே வந்தால் விண்மீன் சட்டென்று அணையும். சுற்றிலும் காற்று இருந்தால் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். காற்று ஒரு லென்ஸைப் போல ஒளியை வளைத்துப் பரப்பிவிடும். காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளைப் பார்த்த குழு, கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று அறிவித்தது. 1979-இல் வாயேஜர் போய்ப் பார்த்தபோது அவ்வளவு காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி அதைவிடப் பன்மடங்கு மெல்லிய ஆக்சிஜன் படலம் ஒன்றைக் கண்டது. உண்டா இல்லையா என்பதற்கு விடை சரி. எவ்வளவு என்பதற்கு விடை தவறு. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்து இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

பெருங்கோள்களிடம் இந்த வித்தை இன்னும் நன்றாகப் பலிக்கும், ஏனென்றால் அவற்றின் வெளிப்புறம் முழுவதும் காற்றுதான். 1952 நவம்பர் 20 அன்று மேஷ ராசியில் உள்ள ஒரு விண்மீனை வியாழன் மறைத்தபோது, பாம், கோட் என்ற இரு அமெரிக்கர்கள் அது மங்கும் வேகத்தை அளந்தார்கள். மேலே போகப்போகக் காற்று எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்பது மூன்றைப் பொறுத்தது: ஈர்ப்பு, வெப்பநிலை, மூலக்கூறின் எடை. கனமான மூலக்கூறு என்றால் காற்று கோளோடு ஒட்டிக்கிடக்கும். லேசானது என்றால் உயரே பரவும். ஈர்ப்பு தெரியும். வெப்பநிலையை ஊகித்துக்கொண்டார்கள். எடை 3.3 என்று வந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை 2, ஹீலியம் அணுவின் எடை 4. ஊகித்த வெப்பநிலை மிகவும் குறைவு என்று பிறகு தெரிந்தது. எண்ணைத் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் வியாழனின் காற்று இவ்விரண்டு தனிமங்களால்தான் ஆனது என்ற முடிவு அப்படியே நின்றது.

இனி 1977 மார்ச் 10 இரவு. துலாம் ராசியில் இருந்த ஒன்பதாம் நிலை விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். முழு மறைப்பு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் தெரியும். அதைப் பிடிப்பதற்காக ஜேம்ஸ் எலியட் குழுவினர், 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய நாசா விமானத்தில் பெர்த்திலிருந்து கிளம்பினார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜெ. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள்.

யுரேனஸ் அந்த விண்மீனைவிடப் பல மடங்கு பிரகாசம். அதன் பக்கத்தில் விண்மீன் மங்குவதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இங்கே யுரேனஸின் காற்றே கைகொடுத்தது. அதிலுள்ள மீத்தேன் சிவப்பையும் அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். கோள் நீலப்பச்சையாகத் தெரிவதும் அதனால்தான். மீத்தேன் விழுங்கும் அந்தச் சிவப்பு நிறங்களில் மட்டும் பார்த்தால் யுரேனஸ் இருண்டுபோகும், விண்மீன் எடுப்பாகத் தெரியும். எலியட் குழு அந்த வடிகட்டிகளோடுதான் போயிருந்தது. கணிப்பில் பிழை இருக்கலாம் என்ற பயத்தில், நேரத்துக்கு வெகு முன்பே பதிவைத் தொடங்கியும் விட்டார்கள்.

கோள் மறைப்பதற்கு 35 நிமிடங்களுக்கு முன் பதிவுப் பேனா சட்டென்று கீழே இறங்கி மேலே ஏறியது. மேகமா, தொலைநோக்கி அசைந்ததா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை. பிறகு மீண்டும். மொத்தம் ஐந்து. கோள் விலகிய பிறகு, மறுபக்கத்தில் அதே தூரங்களில் மறுபடியும் ஐந்து. சிறு நிலவுகள் என்றால் இருபுறமும் இப்படிச் சமமாக நிற்காது. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன. சனிக்கு மட்டுமே உரியவை என்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நினைத்திருந்த பெருமை அன்று இரவு போயிற்று.

காவலூரிலும் விண்மீன் சில வினாடிகள் மங்கியது பதிவானது. அங்கிருந்து பார்த்தால் விண்மீன் கோளின் வட்டுக்குப் பின்னால் போகவில்லை, ஓரமாகக் கடந்தது. ஒளிப்பதிவில் தெளிவாகத் தெரிந்த ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பின் தலைப்பு, யுரேனஸின் புதிய துணைக்கோள் என்பது. உண்மையில் அவர்கள் பிடித்தது வளையங்களில் மிகப் பிரகாசமான எப்சிலான் வளையம். ஒரு பள்ளத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு நிலவு என்ற எண்ணம் வருவது இயல்பு. இருபுறமும் ஐந்தைந்து வைத்திருப்பவருக்குத்தான் வளையம் என்று சொல்லும் தைரியம் வரும். அதே ஆண்டின் இறுதியில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி அலசி, சனியைப் போன்ற வளையத் தொகுதி என்று நேச்சரிலேயே எழுதினார்கள். கண்டுபிடித்த பெயர் எலியட் குழுவுக்குப் போனது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இந்த இரவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் உண்டு.

வளையங்கள் இருக்கட்டும், கோளுக்குள் திரும்புவோம்.

பூமியில் கடலுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கீழே திரவம், மேலே வாயு. இந்தக் கோடு எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாறுநிலை வெப்பம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் திரவம் என்றும் வாயு என்றும் பிரியாது. அடர்த்தி மட்டும் கூடிக்கொண்டே போகும். நீருக்கு அது 374 டிகிரி செல்சியஸ். ஹைட்ரஜனுக்கு மைனஸ் 240. வியாழனின் மேக உச்சியிலேயே வெப்பநிலை மைனஸ் 110-ஐ ஒட்டி இருக்கிறது; கீழே போகப்போக ஏறும். ஆக, வியாழனில் எந்த ஆழத்திலும் ஹைட்ரஜனுக்கு நீர்மட்டம் போன்ற ஒரு மேற்பரப்பு உருவாகவே முடியாது. மேலே மெல்லிய காற்று. பல ஆயிரம் கிலோமீட்டர் கீழே நீரைப் போலக் கனத்துக் கிடக்கும் பாய்மம். இடையில் எந்த இடத்திலும், இங்கே காற்று முடிந்தது என்று கோடு போட முடியாது. நாம் சொல்லும் ஆரம்கூட, அழுத்தம் ஒரு பார், அதாவது ஏறத்தாழ நம் கடற்கரைக் காற்றழுத்தத்தின் அளவு, இருக்கும் மட்டத்தை அளந்து சொல்வதுதான். ஏதோ ஓர் இடத்திலிருந்து அளந்தாக வேண்டுமே.

இன்னும் கீழே அழுத்தம் பத்து லட்சம் பார் தாண்டும்போது ஹைட்ரஜனின் குணமே மாறுகிறது. மூலக்கூறுகள் உடைகின்றன, எலக்ட்ரான்கள் தம் அணுவை விட்டு ஊர் சுற்றத் தொடங்குகின்றன. அப்படி எலக்ட்ரான்கள் திரியும் பொருள் உலோகம். 1935-இல் விக்னரும் ஹண்டிங்டனும் இதைத் தாளில் கணித்தார்கள். 1996-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில், திரவ ஹைட்ரஜனை அதிர்ச்சி அலையால் கணநேரம் 14 லட்சம் பார் அளவுக்கு அழுத்தி, அது உலோகம் போல மின்சாரம் கடத்துவதைக் கண்டார்கள். வியாழனின் பெரும்பகுதி இந்தத் திரவ உலோகம்தான். மையத்தில் அழுத்தம் கோடிக்கணக்கான பார்.

அந்த உலோகக் கடல் சுழன்று கலங்குவதால் பிறப்பதுதான் வியாழனின் காந்தப்புலம். சூரியக் குடும்பக் கோள்களில் அதுதான் மிக வலியது. அந்தப் புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் எழுப்பும் ரேடியோ இரைச்சலை 1955-இல் பர்க், ஃபிராங்க்ளின் இருவரும் தற்செயலாகக் கேட்டார்கள். 40 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். புலத்தின் வலிமை விதிக்கும் எல்லை அது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் வானியற்பியல் நிறுவனமும் ராமன் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அமைத்த, ஆயிரம் இருமுனைக் கம்பிகள் கொண்ட ஆண்டெனா வரிசை 34.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அது அந்த எல்லைக்கு உட்பட்ட அலைவரிசைதான்.

வியாழனைவிடப் பெரிய கோள் இருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் நம்மவர். தௌலத் சிங் கோத்தாரி. பள்ளிக்கூடம் போன தமிழர் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும், ஆனால் வேறு காரணத்துக்காக: 1964-66 கல்விக் குழுவின் தலைவர், பத்து பிளஸ் டூ பிளஸ் மூன்று முறையைப் பரிந்துரைத்தவர். அதற்கெல்லாம் முன்பு, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தபோது, 1936-இல் கோள்களின் உட்கட்டமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அழுத்தத்தாலேயே அணுக்கள் சிதைந்து எலக்ட்ரான்கள் விடுபடும் என்ற கருத்தை வைத்துக்கொண்டு, வெள்ளைக் குள்ள விண்மீன்களுக்குச் சந்திரசேகர் முதலானோர் போட்ட கணக்கைக் கோள்கள் வரை கீழே இழுத்து வந்தார். குளிர்ந்த ஒரு பொருள் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று பார்த்தால், விடை ஏறத்தாழ வியாழனின் அளவு.

இது முதலில் நம்பும்படியாக இருக்காது. மேலும் மேலும் வாயுவைக் கொட்டினால் கோள் வீங்கத்தானே வேண்டும்? சனியை எடுத்துக்கொள்ளுங்கள்: 95 பூமிகளின் எடை. வியாழன் 318 பூமிகளின் எடை. எடை மூன்று மடங்குக்கும் மேல். ஆரமோ கூடுவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சேரும் ஒவ்வொரு டன்னும் தன் பருமனைத் தருவதோடு, தன் ஈர்ப்பால் கீழே உள்ளதையும் இறுக்குகிறது. வியாழனை ஒட்டிய எடையில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் கொட்டினால் அடர்த்திதான் கூடும். இன்னும் கூட்டினால் கோள் சுருங்கவும் தொடங்கும். வியாழனைப் போல 80 மடங்கு எடையுள்ள, எரியும் மிகச் சிறு விண்மீன்கள் வியாழனை ஒட்டிய அளவிலேயே இருப்பது இதனால்தான். வியாழனை விண்மீனாக முடியாமல் போன கோள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. எண்பதில் ஒரு பங்கு வைத்துக்கொண்டு தேர்வில் தோற்றது என்று யாரைச் சொல்வோம்? அது தேர்வுக்கே வரவில்லை.

ஹைட்ரஜனுக்கு அடுத்தது ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென்னும், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் சூரியனின் விளிம்பை நிறமாலைமானியால் பார்த்தார்கள். அன்று தெரிந்த மஞ்சள் கோடு பூமியில் அதுவரை அறியப்படாத தனிமத்துக்கு உரியது என்பது பின்னர்தான் துலங்கியது. அதே ஹீலியம்தான் சனியின் பெரிய புதிருக்கு விடை. சனி, சூரியனிடமிருந்து பெறுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. வியாழனும் அப்படித்தான், ஆனால் அது பெரியது, பிறந்தபோது சேர்ந்த சூடு இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிடலாம். சனி இதற்குள் ஆறியிருக்க வேண்டும்.

1977-இல் ஸ்டீவன்சனும் சால்பீட்டரும் சொன்ன விளக்கம்: உலோக ஹைட்ரஜன் குளிரக் குளிர, அதில் ஹீலியம் கரைய மறுக்கிறது. துளித்துளியாகப் பிரிந்து மையத்தை நோக்கி மழையாகப் பெய்கிறது. கனமானது கீழே விழும்போது ஈர்ப்பாற்றல் வெப்பமாகிறது. அந்த மழைதான் சனியின் உலையை எரியவைக்கிறது. இதை நேரில் பார்த்தவர் இல்லை. ஆனால் சாட்சி வந்தது, அதுவும் வியாழனிலிருந்து. முதலில் சொன்ன அந்த 58 நிமிட ஆய்வுக்கலம், வியாழனின் மேல் காற்றில் ஹீலியம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவும், நியான் பத்தில் ஒரு பங்காகவும் இருப்பதைக் கண்டது. ஹீலியத் துளியில் நியான் நன்றாகக் கரையும் என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். மழை நியானையும் கழுவிக்கொண்டு கீழே போயிருக்கிறது.

மையத்தில் என்ன? பழைய படங்களில் நடுவே கெட்டியான பாறைக் கரு ஒன்று, மாங்கொட்டை போலத் தெளிவான விளிம்போடு இருக்கும். 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலம், கோளின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் நுட்பத்தை அளந்து அந்தப் படத்தைக் கலைத்துவிட்டது. கரு இருக்கிறது, ஆனால் கரைந்து, ஹைட்ரஜனோடு கலந்து, வெகுதூரம் பரவி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடக்கிறது. மேலே தெரியும் பட்டைகளின் காற்றோட்டம் 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது என்பதையும் ஜூனோதான் காட்டியது.

சனியின் கரு விஷயத்தில் கிடைத்த சாட்சி இதைவிட விசித்திரமானது. அதைச் சொன்னது சனியின் வளையம். சனியின் பிரகாசமான வளையங்களுக்கு உள்ளே மங்கலான சி வளையம் இருக்கிறது. 1852-இல் மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஜேக்கப், நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்து, அந்த வளையத்தின் ஊடாகக் கோளின் விளிம்பு தெரிகிறது என்று கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் லாசலும் இதைக் கண்டார். ஊடுருவித் தெரிகிறது என்றால் அது கெட்டித் தகடு அல்ல. 1859-இல் மாக்ஸ்வெல், வளையங்கள் எண்ணற்ற துகள்களின் கூட்டமாகத்தான் இருக்க முடியும் என்று கணிதத்தால் நிறுவினார். ஜேக்கப்பின் வானாய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம். புயல் செய்திக்காகத் தொலைக்காட்சிக்காரர்கள் நிற்பது அந்த வளாகத்தில்தான். பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் தமிழ் எழுத்துகளோடு இன்னும் அங்கே நிற்கிறது.

துகள்களின் கூட்டம் என்பதால்தான் வளையம் கோளின் துடிப்பைக் காட்டிக்கொடுக்கிறது. சனி முழுவதும் ஒரு மணியைப் போல மிக மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கிறது. மேற்பரப்பு மீட்டர் கணக்கில்தான் ஏறி இறங்கும். ஆனால் அந்த அதிர்வால் ஈர்ப்பும் சற்று ஆடும். வளையத்தில் ஏதோ ஒரு தூரத்தில் சுற்றும் துகள்களுக்கு அந்தத் தாளம் பொருந்திவிட்டால், அங்கே சுருள் அலை எழும். 1993-இல் மார்லி, போர்கோ இருவரும் இதை முன்மொழிந்தபோது பலருக்கு நம்பிக்கையில்லை. சி வளையத்துக்குப் பின்னால் விண்மீன்கள் போகும்போது அவற்றின் ஒளி மங்குவதைக் காசினி திரும்பத் திரும்பப் பதிவு செய்தது. காவலூரில் செய்த அதே வேலை, சனியின் பக்கத்தில் நின்றுகொண்டு. 2013-இல் அந்தப் பதிவுகளில் ஹெட்மன், நிக்கல்சன் இருவரும் அலைகளை எண்ணினார்கள். எத்தனை கைகள் கொண்ட சுருள், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பது கிடைத்ததும், கோளின் உள்ளே எது எவ்வளவு அடர்த்தி என்று பின்னோக்கிப் போக முடிந்தது. 2021-இல் வந்த முடிவு, சனியின் கரு கோளின் ஆரத்தில் 60 விழுக்காடு வரை கலங்கலாகப் பரவியிருக்கிறது என்பது. அதில் பாறையும் பனிப்பொருளும் மட்டும் 17 பூமிகளின் எடை. சனியின் ஒரு நாள் எவ்வளவு என்ற கேள்விக்கும் வளையமே விடை சொன்னது: 10 மணி 33 நிமிடம் 38 வினாடி. காந்த அச்சும் சுழற்சி அச்சும் ஒன்றாகவே இருப்பதால், வேறு எந்த வழியிலும் அது பிடிபடாமல் இருந்தது.

யுரேனஸையும் நெப்டியூனையும் இந்த வரிசையில் சேர்ப்பது பழக்கதோஷம். பூமியைப் போல பதினான்கரை மடங்கும் பதினேழு மடங்கும் எடையுள்ள இவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறு பங்குதான். மீதி, நீர், மீத்தேன், அம்மோனியா, பாறை ஆகியவை ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் அடர்ந்து கலங்கிய பாய்மம். பனிக்கோள்கள் என்கிறார்கள், பனிக்கட்டியை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம். இரண்டும் அளவில் இரட்டையர் மாதிரி இருந்தும், நெப்டியூன் பெறுவதைப் போல இரண்டரை மடங்கு வெப்பத்தை வெளியிடுகிறது. யுரேனஸோ தன் கையிருப்பிலிருந்து மிகக் கொஞ்சம்தான் தருகிறது. பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும் கோள் அது. சாய்த்த மோதலே உள்சூட்டையும் பாதித்ததா என்ற சந்தேகம் உண்டு. இன்னொரு விண்கலம் போகாமல் இது தீராது.

தரையில்லாத கோள்கள் சூரியனுக்கு மட்டும் சொந்தமல்ல என்ற எண்ணமும் மெட்ராஸில் ஒரு முறை எழுந்திருக்கிறது. அதே ஜேக்கப், 70 ஒபியூகி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஒழுங்கின்மை இருப்பதாகவும், அதற்குக் காரணம் ஒரு கோளாக இருக்கலாம் என்றும் 1855-இல் எழுதினார். அப்படி எந்தக் கோளும் பின்னர் உறுதிப்படவில்லை. உண்மையில் சூரியன் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் கிடைத்தது 1995-இல். வியாழனில் பாதி எடையுள்ள அது, நாலே கால் நாளில் தன் விண்மீனைச் சுற்றி வருகிறது. அவ்வளவு அருகில் பெருங்கோள் இருக்கும் என்று ஏறக்குறைய யாரும் நினைத்திருக்கவில்லை.

இப்போது அந்த வகைக் கோள்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். வியாழன் அளவுள்ள ஒன்று சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். இந்தச் சிறு சரிவைப் பெங்களூருக் குழுவினர் லடாக்கின் ஹான்லேவில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியாலும், காவலூரில் பட்டாச்சார்யாவின் பெயர் தாங்கிய 1.3 மீட்டர் தொலைநோக்கியாலும் அளந்து, இத்தகைய ஐந்து கோள்களின் ஆரங்களைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். ஹான்லே தொலைநோக்கியை இயக்குபவர்கள் உட்கார்ந்திருப்பது பெங்களூரை ஒட்டிய ஹொசகோட்டேயில்.

ஆரத்தை இவ்வளவு துல்லியமாக அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அபு மலையிலிருந்து 2021-இல் உறுதிப்படுத்திய டி.ஓ.ஐ. 1789 பி என்ற கோளின் எடை வியாழனில் 70 விழுக்காடு. ஆரமோ வியாழனைப் போல 1.4 மடங்கு. கோத்தாரியின் எல்லையைத் தாண்டி வீங்கியிருக்கிறது, அடர்த்தி வியாழனில் கால் பங்கை ஒட்டித்தான். கோத்தாரி கணக்கிட்டது குளிர்ந்த கோளுக்கு. இதுவோ மூன்று நாளுக்கு ஒரு முறை விண்மீனைச் சுற்றிக்கொண்டு அனலில் கிடப்பது. ஆனால் விண்மீனின் சூடு மேல் தோலில்தான் விழுகிறது, கோள் வீங்க வேண்டுமானால் அது ஆழத்துக்குப் போயாக வேண்டும். எப்படிப் போகிறது? சூட்டில் சோடியம், பொட்டாசியம் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து, அந்தக் காற்று கோளின் காந்தப்புலத்தில் வீசும்போது மின்னோட்டம் எழுந்து உள்ளே போய்ச் சூடாக்குகிறது என்கிறது ஒரு கட்சி. காற்றோட்டமே சூட்டைக் கீழே தள்ளுகிறது என்கிறது இன்னொரு கட்சி. அளந்த ஆரங்கள் கூடக் கூட, இரண்டில் எது தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.